பேஸ்பால்ல சீசனுக்கு முன்னாடி அவுட்ஃபீல்டுல (மைதானத்தோட வெளிப்பகுதியில) யார் நிக்கணும்னு எதை வச்சு முடிவு பண்றாங்க? பயிற்சி ஆட்டத்துல நல்லா ஆடுனா இடம் கிடைச்சிடாதா?

கேள்வி கேட்ட விதத்தை பாத்தா நீங்க அமெரிக்கா வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும்னு நினைக்கிறேன், ஆபீஸ்ல யாரோ ஒருத்தர் கூட்டிட்டு போய் ஒரு கேம் காட்டியிருப்பாங்க, சீசன் தொடங்கறதுக்கு முன்னாடி மார்ச் மாசம் டீம் லிஸ்ட் வந்திருக்கும், உங்களுக்கு பிடிச்ச பையன் பேர் அதுல இருந்திருக்காது. தப்பா இருந்தா மன்னிச்சுக்குங்க. ஆனா இந்த கேள்வியை பாத்ததும் பதில் எழுதாம போக முடியல, ஏன்னா 2023 மார்ச்சுல இதே விஷயத்துக்காக எங்க வீட்ல ரெண்டு நாள் யாரும் சரியா பேசிக்கல.

நான் பாஸ்டன் பக்கம் இருக்கேன், இந்த ஊர் பேஸ்பால் டீம் ரெட் சாக்ஸோட ரசிகன். அதனால பாரபட்சமா எழுதுறேன்னு யாராச்சும் கமென்ட்ல சொல்வீங்க, சொல்லுங்க, பரவால்ல. நான் ஸ்கவுட்டும் கிடையாது, கோச்சும் கிடையாது. ஆனா அந்த டீமோட அவுட்ஃபீல்டை வருஷக்கணக்கா ஒரு நாள் விடாம பாத்துட்டு வர்றேன்.

நேரா பதில்: பயிற்சி ஆட்டத்துல அடிச்ச ரன் அதுல ஒரு சின்ன பங்குதான். மார்ச் கடைசியில யாரை வச்சுக்கிறது யாரை அனுப்புறதுங்கிறதுல பாதிக்கு மேல "யாரை அனுப்பினா நமக்கு நஷ்டம் இல்ல"ங்கிற கணக்கு. மெயின் டீம்ல 26 பேர்தான். அந்த 26 பேரையும் சேத்து 40 பேர் லிஸ்ட் ஒண்ணு இருக்கு. அந்த 40ல இருக்கற இளம் பிளேயர்களுக்கு பொதுவா மூணு சீசனுக்கு "ஆப்ஷன்" இருக்கும், அதாவது அந்த சீசன்கள்ல அவங்களை மைனர் லீக்குக்கு (கீழ்மட்ட டீம்களுக்கு) அனுப்பலாம், திரும்ப கூப்பிடலாம், வேற டீம் யாரும் கை வைக்க முடியாது. ஆப்ஷன் தீந்து போனவனை அனுப்பணும்னா மத்த 29 டீமுக்கும் முன்னாடி வச்சுட்டுதான் அனுப்ப முடியும், யார் வேணா தூக்கிட்டு போகலாம். இது போக, 40லயே இல்லாம மைனர் லீக் ஒப்பந்தத்துல சீசனுக்கு முந்தின பயிற்சி கேம்ப்புக்கு வர்ற அனுபவசாலிங்க உண்டு, சீசன் தொடங்கும்போது இடம் கொடுக்கலேன்னா பொதுவா வேற டீம் பாத்துட்டு கிளம்பிடுவாங்க. ஆக ரெண்டு பேரும் ஏறக்குறைய ஒரே தரம்னா, ஆப்ஷன் பாக்கி இருக்கற பையன்தான் பெட்டியை கட்டணும். அவன் நல்லா ஆடினானா இல்லையாங்கிறது அப்புறம்தான்.

இப்ப 2023 கதைக்கு வர்றேன். அந்த வருஷம் அவுட்ஃபீல்டுல வந்த சிக்கல் அவுட்ஃபீல்டுல ஆரம்பிச்சதே இல்ல, ஷார்ட்ஸ்டாப்ல, அதாவது உள்பகுதியில செகண்ட் பேஸுக்கும் தேர்ட் பேஸுக்கும் நடுவுல நிக்கற இடத்துல ஆரம்பிச்சது. சாண்டர் போகார்ட்ஸ் 11 வருஷ ஒப்பந்தத்துல சான் டியாகோ போயிட்டார், அந்த இடத்துக்கு நகர வேண்டிய ட்ரெவர் ஸ்டோரிக்கு ஜனவரில முழங்கை ஆபரேஷன். உடனே அவுட்ஃபீல்டோட நடுவுல, அதாவது சென்டர் ஃபீல்டுல நின்ன கீகே ஹெர்னாண்டஸை ஷார்ட்ஸ்டாப்புக்கு இழுத்தாங்க. இப்ப சென்டர் ஃபீல்டு காலி. அதுக்கு ஆடம் டுவாலை ஒரு வருஷத்துக்கு 70 லட்சம் டாலர் கொடுத்து எடுத்தாங்க, கேரியர்ல பெரும்பாலும் லெஃப்ட் ஃபீல்டு, ரைட் ஃபீல்டுன்னு ஓரத்துல நின்னவர், வயசு 34. லெஃப்ட் ஃபீல்டுக்கு ஜப்பான்ல இருந்து மசடாகா யோஷிடா, 5 வருஷம் 9 கோடி டாலர். ரைட் ஃபீல்டுக்கு அலெக்ஸ் வெர்டுகோவை மாத்தினாங்க. எதிர்ல லெஃப்ட் ஹேண்ட் பிட்சர் (பந்து எறியறவர்) வந்தா இறங்க ராப் ரெஃப்ஸ்னைடர். மிச்சம் ஒரே ஒரு சீட்டு. அதுக்கு ரெண்டு பேர், ஜாரன் டுரான், ராய்மெல் டாபியா.

இந்த ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு பழைய கணக்கு இருக்கு, அது தெரிஞ்சாதான் நான் ஏன் இவ்வளவு கோவமா எழுதுறேன்னு புரியும். 2022 ஜூலை 22, எங்க டீமோட சொந்த மைதானம் ஃபென்வே பார்க், டொரான்டோ கூட கேம். அன்னிக்கு நானும் பையனும் ஸ்டேடியத்துல இருந்தோம். மூணாவது இன்னிங்ஸ், மூணு பேஸ்லயும் ஆள் நிக்கறாங்க, அப்ப டொரான்டோவுக்கு ஆடிட்டு இருந்த டாபியா பந்தை சென்டர் ஃபீல்டு பக்கம் உசர தூக்கி அடிச்சான். ஜூலை மாச சாயங்காலம், எட்டு மணி சுமாருக்கு பாஸ்டன் வானம் நீலமும் இல்லாம கருப்பும் இல்லாம ஒரு வெளுத்த சாம்பல் கலர்ல இருக்கும், லைட்டும் போட்டிருப்பாங்க, வெள்ளை பந்து அதுல அப்படியே கரைஞ்சு போயிடும். சென்டர் ஃபீல்டுல டுரான். பந்து எங்க போச்சுன்னே தெரியாம நின்னுட்டான், அது அவன் தலைக்கு மேல போய் பின்னாடி விழுந்துச்சு, அவன் அது பின்னாடி ஓடவும் இல்ல, லெஃப்ட்ல இருந்து வெர்டுகோ ஓடி வந்து எடுக்கறதுக்குள்ள நாலு பேரும் ஓடி ஹோம் பிளேட்டுக்கு வந்து சேந்துட்டாங்க, நாலு ரன். பந்து மைதானத்தை விட்டு வெளியவே போகாம ஒரு கிராண்ட் ஸ்லாம். கேம் 28-5னு தோத்தோம். ரெட் சாக்ஸ் வரலாற்றுலயே ஒரே கேம்ல இவ்வளவு ரன் கொடுத்தது கிடையாது. பக்கத்துல இருந்தவங்க அந்த பையனை என்னெல்லாம் திட்டினாங்கன்னு இங்க எழுத மாட்டேன், என் பையன் காதுல விழக்கூடாதுன்னு நான் சத்தமா வேற பேச்சு பேசிட்டு இருந்தேன்.

ஒண்ணு சொல்லிக்கறேன், டுரான் காலேஜ்ல செகண்ட் பேஸ் ஆடினவன். 2018ல ஏழாவது ரவுண்டுல எடுத்து, அப்புறம்தான் அவுட்ஃபீல்டருக்கு மாத்தினாங்க. இன்ஃபீல்டுல, அதாவது உள்பகுதியில ஆடி வளந்தவனை நடு மைதானத்துல நிறுத்தி, அதுவும் ஃபென்வேல, ஒரு பந்தை விட்டான்னு வருஷம் பூரா திட்டறது நியாயமே இல்ல. ஃபென்வே அவுட்ஃபீல்டு வேற ஊரு மைதானம் மாதிரி கிடையாது. லெஃப்ட்ல 310 அடியிலயே 37 அடி உசர சுவர், அதுல பட்ட பந்து எந்த பக்கம் திரும்பும்னு கத்துக்கவே மாசக்கணக்காகும், சுவரை ஒட்டி நின்னா பந்து சுவர்ல பட்டு தலைக்கு மேல திரும்பி உள்ள வந்துடும். சென்டர்ல ஒரு மூலை 420 அடி வரைக்கும் உள்ள போகுது. ரைட்ல கம்பம் 302 அடிதான், ஆனா அங்கேருந்து சுவர் வளைஞ்சு சடார்னு 380க்கு போயிடும். இதனாலதான் கேம்ப் நடக்கற ஃப்ளோரிடா ஃபோர்ட் மையர்ஸ்ல பயிற்சி மைதானத்தையே ஃபென்வே அளவுல, அந்த பச்சை சுவரோட கட்டி வச்சிருக்காங்க. 2023 ஸ்கூல் லீவுல குடும்பத்தோட அங்க போயிருந்தோம். கோச் ஒருத்தர் பயிற்சிக்குன்னே இருக்கற ஒல்லியான ஃபங்கோ பேட்டை வச்சுட்டு சுவரை பாத்து அடிச்சுட்டே இருப்பார், "டொக்"னு சத்தம் வரும்போதே அவுட்ஃபீல்டர் ரெண்டு அடி பின்வாங்கி, இடுப்பை திருப்பி, வெறும் கையால பந்தை எடுத்து செகண்ட் பேஸுக்கு எறியணும். திரும்ப, திரும்ப. டிவில இதெல்லாம் காட்டவே மாட்டாங்க.

அந்த மார்ச்ல இன்னொரு விஷயம், உலக பேஸ்பால் கிளாசிக் நடந்துச்சு. யோஷிடா ஜப்பானுக்கு, வெர்டுகோவும் டுரானும் மெக்சிகோவுக்கு. செமி ஃபைனல்ல ரெண்டு நாடும் மோதினப்போ யோஷிடா அடிச்ச மூணு ரன் ஹோம் ரன்தான் ஜப்பானை காப்பாத்துச்சு. டுரானுக்கு அங்க பெரும்பாலும் பெஞ்ச்தான். கேம்ப்ல இருந்திருந்தா டெய்லி நாலு தடவை பேட் பிடிச்சிருப்பான், டாபியா அங்கேயே இருந்து ஆடிட்டு இருந்தான். கடைசியில டுரானை ட்ரிபிள்-ஏ (மைனர் லீக்கோட மேல்மட்டம்) டீமான வூஸ்டருக்கு அனுப்பிட்டு டாபியாவை வச்சுக்கிட்டாங்க. போன வருஷம் யார் அடிச்ச பந்தால அவன் அசிங்கப்பட்டானோ, அதே ஆளுக்கு அவன் சீட்டு. இளம் பையன் பெஞ்ச்ல உக்காராம வூஸ்டர்ல டெய்லி ஆடட்டும்ங்கிற காரணத்தை நான் மறுக்கல, நியாயமான காரணம்தான். ஆனா டுரானுக்கு ஆப்ஷன் இல்லாம இருந்திருந்தா அந்த காரணத்தை சொல்லியிருப்பாங்களா? கட்டாயம் சொல்லியிருக்க மாட்டாங்க.

இந்த இடத்துல என் சொந்த வயித்தெரிச்சலையும் சொல்லிடறேன், கேள்விக்கு சம்பந்தம் இல்லேன்னு நினைச்சா தாண்டி போயிடுங்க. எங்க ஊர் குழந்தைங்க லீக்ல என் பையனை சீசன் முழுக்க ரைட் ஃபீல்டுல நிறுத்தினாங்க. சின்ன பசங்க கேம்ல அந்த பக்கம் பந்தே வராது, அதனால யாரை பிடிக்கலையோ அவனை அங்க தள்ளிடுவாங்க. கோச்சோட பையன் ஷார்ட்ஸ்டாப், கோச் ஃப்ரெண்டோட பையன் பிட்சர், இது எல்லா வருஷமும் நடக்கும். நான் போய் கேட்டேன், "அவனுக்கு கை பலம் ஜாஸ்தி, அதான் அங்க"ன்னு பதில் வந்துச்சு. கை பலம் ஜாஸ்தின்னா ஒரு நாளாவது பிட்ச் பண்ண விடணும்ல? இத நம்ம ஆளுங்க கூட்டத்துல சொன்னா அதுக்கு வேற மாதிரி பதில், "எதுக்கு பேஸ்பால், அந்த நேரத்துக்கு கணக்கு டியூஷன்ல விடு"ன்னு. ஒரு குழந்தை க்ளவை தலைகாணி பக்கத்துல வச்சுட்டு தூங்கறான்னா அவனுக்கு அது எவ்வளவு முக்கியம்னு பெத்தவங்களுக்கு புரியாதா? டுரானை அனுப்பின செய்தி வந்தன்னிக்கு என் பையன் சாப்பிடாம படுத்ததுக்கு காரணம் டுரான் மட்டும் இல்லேன்னு எனக்கு நல்லா தெரியும்.

சரி, அப்புறம் என்ன ஆச்சு. சீசனோட ரெண்டாவது கேம், ஏப்ரல் 1, ஒன்பதாவது, அதாவது கடைசி இன்னிங்ஸ், ரெண்டு அவுட், யோஷிடா தூக்கின ஈஸி கேட்சை பால்டிமோர் லெஃப்ட் ஃபீல்டர் கையில இருந்து நழுவ விட்டுட்டார், அடுத்து வந்த டுவால் ஹோம் ரன் அடிச்சு 9-8னு ஜெயிச்சோம். அவுட்ஃபீல்டுல யாரை நிறுத்தினா என்னன்னு கேக்கறவங்களுக்கு அந்த ஒரு பந்தே போதும். ஆனா ஏப்ரல் 9 டெட்ராய்ட்ல அதே டுவால் பந்துக்கு பாஞ்சு விழுந்து மணிக்கட்டை ஒடச்சுக்கிட்டார். மார்ச்ல உக்காந்து போட்ட கணக்கு ரெண்டு வாரம் கூட தாங்கல. ஏப்ரல் நடுவுல டுரானை கூப்பிட்டாங்க, அந்த வருஷம் கால் கட்டை விரல் அடிபடற வரைக்கும் பேட்டிங் சராசரி .295 வச்சிருந்தான். டாபியாவை ஜூன்லயே விடுவிச்சுட்டாங்க. 2024ல டுரான் 48 டபுள் (ரெண்டு பேஸ் அடி), 14 ட்ரிபிள் (மூணு பேஸ் அடி), ஆல் ஸ்டார் கேம்ல ஜெயிக்க வச்ச ஹோம் ரன், அந்த கேமோட எம்விபியும் (சிறந்த ஆட்டக்காரர்) அவன்தான்.

"பாத்தீங்களா, கீழ அனுப்பினதாலதான் தேறினான்"னு ஒரு கோஷ்டி உடனே வரும், வருஷா வருஷம் இதே பதில்தான். மூணு வாரம் கூட முழுசா வூஸ்டர்ல இல்லாத பையன் அங்க என்னத்தை புதுசா கத்துக்கிட்டு வந்தான்னு அவங்க சொல்லட்டும். அந்த தோல்விக் காலத்துல மனசளவுல எவ்வளவு அடிபட்டிருந்தான்னு பிற்பாடு அவனே வெளிப்படையா பேசியிருக்கான், அதை கேட்டதுக்கு அப்புறம் எனக்கு இந்த வாதமே பிடிக்கல.

அதனால உங்க கேள்விக்கு, அடுத்த மார்ச்ல லிஸ்ட் வரும்போது பேட்டிங் சராசரியை பாக்கறதுக்கு முன்னாடி யாருக்கு ஆப்ஷன் பாக்கி இருக்கு, யார் 40க்கு வெளிய இருந்து வந்திருக்காங்க, லெஃப்ட் ஹேண்ட் பிட்சர் வந்தா அடிக்க ஆள் இருக்கா, சென்டர் ஃபீல்டுல நிக்கறவருக்கு அடிபட்டா அடுத்து யார், இந்த நாலையும் பாருங்க. உங்களுக்கு பிடிச்ச பிளேயர் பேர் இல்லேன்னா உடனே மனசு விட்டுடாதீங்க. 2025ல ரோமன் ஆன்தனி மாதிரி ஒரு பையனையே ஜூன் 9 வரைக்கும் வூஸ்டர்ல வச்சிருந்து, வில்யர் அப்ரேயுவுக்கு இடுப்பு பக்கம் தசை பிடிச்சதுக்கு அப்புறம்தான் கூப்பிட்டாங்க. உங்க டீம் எது, எந்த பிளேயரை பத்தி கேக்கறீங்கன்னு கமென்ட்ல சொன்னீங்கன்னா அவருக்கு ஆப்ஷன் எவ்வளவு பாக்கின்னு பாத்து சொல்றேன்.