பெற்றவரைத் தேடலாமா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

எனக்கு 42 வயது, ரொறன்ரோவில் இருக்கிறேன். அப்பா காலமான பிறகு அவருடைய பத்திரங்களை அடுக்கும்போது யாழ்ப்பாண மாவட்ட நீதிமன்றத்தின் மகவேற்புக் கட்டளை, அதாவது தத்தெடுப்பு உத்தரவு, ஒன்று கையில் கிடைத்தது. அதில் என் பெயர். அதுவரை நான் சொந்தப் பிள்ளை என்றே நினைத்திருந்தேன். ஒன்ராறியோவில் கேட்டால், இங்கே நடந்த மகவேற்புகளின் பதிவு மட்டும்தான் தங்களிடம் உண்டு என்கிறார்கள். யாழ்ப்பாணத்துச் சட்டத்தரணி, நீதிமன்ற உத்தரவு இல்லாமல் பதிவைப் பார்க்க ஏலாது என்கிறார். சுன்னாகத்தில் இருக்கும் பெரியம்மாவுக்கு எல்லாம் தெரியும். ஆனால், "வளர்த்தவளை நோகடிக்காதை பிள்ளை, எங்கட வழக்கத்தில இதுகளைக் கிண்டுறேல்லை" என்கிறார். நான் கட்டளையைக் கண்டது அம்மாவுக்கு இன்னும் தெரியாது. தேடலாமா? டிஎன்ஏ சோதனை உதவுமா?

பெயர் வேண்டாம்

அன்புள்ள சகோதரிக்கு,

தேடுங்கள். யார் வயிற்றில் பிறந்தோம் என்று கேட்பதற்கு நீங்கள் ஒருவரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை.

பெரியம்மா வழக்கம் என்று சொன்னதை என்னால் ஏற்க முடியவில்லை. ஒல்லாந்தர் 1707இல் எழுதிவைத்த, யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கச் சட்டமான தேசவழமையில், பிள்ளையைத் தத்தெடுப்பது உறவுக்காரரின் சம்மதத்தோடு, மஞ்சள் தண்ணீர் குடித்து, நாலு பேர் அறிய நடந்த காரியம். பதிவை மூடிவைக்கும் ஏற்பாடு 1941ஆம் ஆண்டின் இலங்கை மகவேற்புக் கட்டளைச் சட்டத்தோடு வந்தது, அன்றைய இங்கிலாந்துச் சட்டத்தின் வழியில். அந்த இங்கிலாந்தே 1975இல் சட்டத்தை மாற்றி, 18 வயதானவர் தன் முதல் பிறப்புப் பதிவைப் பார்க்கலாம் என்று விட்டுவிட்டது, நாங்கள் இன்னும் கோட்டுப் படி ஏற வேண்டியிருக்கிறது. எனக்கு இது அநியாயமாகத்தான் படுகிறது.

சட்டத்தரணி சொன்னது சரி. நீதிமன்றம் கட்டளை போட்டதும் பதிவாளர் நாயகம் அதை மகவேற்ற பிள்ளைகளின் பதிவேட்டில் ஏற்றுவார், பழைய பிறப்புப் பதிவில் ஒரு குறிப்பு விழும், இரண்டையும் இணைக்கும் ஏடு பொதுமக்களுக்குத் திறக்காது. அதற்குத்தான் உத்தரவு. உங்கள் கையில் இருக்கும் கட்டளையில் வழக்கு இலக்கம் இருக்க வேண்டும், முதலில் அதை எழுதிக் கொடுத்து வழக்கேட்டைக் கேட்கச் சொல்லுங்கள், பெற்றவரின் சம்மதம் அதில்தான் இருக்கும். போரில் இங்கே எத்தனையோ ஏடுகள் போய்விட்டன. வழக்கேடு இல்லை என்று பதில் வந்தால் அதோடு நின்றுவிடாதீர்கள், பதிவாளர் நாயகத்தின் தலைமை அலுவலகம் கொழும்புக்குப் பக்கத்தில் பத்தரமுல்லையில் இருக்கிறது, யாழ்ப்பாணத்தில் எரிந்ததோடு எல்லாம் முடிந்துவிடவில்லை.

ஒன்று, தாளில் இருக்கும் பெயரை அப்படியே நம்பிவிட வேண்டாம். 1980களில் இலங்கையிலிருந்து வெளிநாட்டுக்குப் பிள்ளைகள் போனபோது, பெற்றவள் என்று சொல்லி வேறு பெண்களைக் கொண்டுவந்து நிறுத்திய சம்பவங்கள் உண்டு, 2017இல் நெதர்லாந்துத் தொலைக்காட்சி அதை வெளியே கொண்டுவந்தது. உங்களுடையது யாழ்ப்பாணத்துக் குடும்பம் ஒன்று எடுத்தது, அப்படி இருக்க வாய்ப்புக் குறைவு. என்றாலும் டிஎன்ஏயோடு ஒத்துப்பார்ப்பது நல்லது.

டிஎன்ஏ சோதனை செய்யுங்கள், ஆனால் எங்கள் சனத்துக்கு அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. இருவருக்கும் பொதுவான டிஎன்ஏயைச் சென்டிமோர்கன் என்ற அலகில் அளப்பார்கள்; பெற்றோர் என்றால் ஏறக்குறைய 3,400 சென்டிமோர்கன் பொருந்தும், ஒன்றுவிட்ட சகோதரம் என்றால் சராசரி 850 அளவில் வரும். எங்கள் ஆட்கள் தலைமுறை தலைமுறையாக மச்சான் மச்சாளைக் கட்டி, ஒரே ஊருக்குள் சம்பந்தம் செய்தவர்கள், அதனால் தூரத்து உறவுகூடக் கிட்டடி உறவு மாதிரித் தெரியும். பெற்றோர், பிள்ளை என்று வந்தால் மாறாட்டம் இல்லை. அதற்குக் கீழே வரும் இலக்கத்தை வைத்து யாரையும் சித்தி என்றோ மாமா என்றோ கூப்பிட்டுவிடாதீர்கள்.

பதிவுகளை விட எனக்குக் கவலை பெற்றவரைப் பற்றித்தான். அவர் இப்போது ஏதோ ஒரு வீட்டில் பேரப்பிள்ளைகளோடு இருக்கலாம், புருஷனுக்கே இந்தக் கதை தெரியாமல் இருக்கலாம். ஒன்ராறியோவில் 2009இல் பதிவுகளைத் திறந்தபோது, தொடர்புகொள்ள வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கவும் வழி வைத்தார்கள். இங்கே அவருக்கு அப்படி எழுதிக் கொடுக்க ஓர் இடமில்லை, ஆகவே அந்தக் கவனத்தை நீங்கள்தான் எடுக்க வேண்டும். ஒழுங்கைக்குள் ஒரு வான் வந்து நின்றாலே, கனடாவிலிருந்து ஆரோ வந்திருக்கினம் என்று அரை மணித்தியாலத்தில் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். நீங்கள் போய்ப் படலையைத் தட்ட வேண்டாம். கிராம அலுவலரான விதானையாரிடமும் விசாரிக்க வேண்டாம். வாய் இறுக்கமான, வயதான ஒரு பெண்ணை முதலில் தனியாக அனுப்புங்கள், ஓய்வுபெற்ற மருத்துவமாது, கன்னியாஸ்திரி, அப்படி யாராவது. பெற்றவர் மாட்டேன் என்றால் அது அவருடைய முடிவு, பெயரும் ஊரும் தெரிந்ததோடு திரும்பிவிடுங்கள்.

பெரியம்மாவை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். பிரான்சிலிருந்து இப்படித் தேடி வந்த ஒருவரோடு கோப்பாயில் ஒரு முதிய மருத்துவிச்சியின் வீட்டுக்கு நான் போனேன். வந்தவர் போனை மேசையில் வைத்து ஒலிப்பதிவை அழுத்தினார், அந்த அம்மா முருங்கையிலை உருவிக்கொண்டே, தனக்கு ஒன்றும் ஞாபகமில்லை என்று விட்டார். அவர் போனை எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டு, பேசாமல் பக்கத்தில் குந்தி இலை உருவத் தொடங்கினார். இரண்டாவது கட்டு முடிகிற நேரம் அந்த அம்மா, பிள்ளை பிறந்த வீடு எந்த வளவு, கிணறு எந்தப் பக்கம், தாய்க்காரி எந்த ஊருக்குப் போனவள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அந்த அம்மா இப்போது உயிரோடு இல்லை. பெரியம்மாவிடம் தொலைபேசியில் கேட்டால் வேலைக்காகாது, வந்து பத்து நாள் அவரோடு தங்குங்கள்.

அதற்கு முன்னால் அம்மாவிடம் நீங்களே பேசுங்கள். இந்தச் செய்தி பெரியம்மா வாயால் அவருக்குப் போகக் கூடாது. "தேடப் போகிறேன்" என்று தொடங்காமல் கட்டளையைக் கையில் கொடுங்கள், அவர் வாசித்து முடிக்கும்வரை பக்கத்தில் இருங்கள். அந்தப் பெண்ணின் பெயர் ஒருவேளை அவருக்கே தெரிந்திருக்கலாம்.