தைராய்டு மாத்திரையை நிறுத்தலாமா, டாக்டர்?

கேள்வி: எனக்கு வயது 38. ஒரே அசதி, முடி கொட்டுகிறது, மற்றவர்கள் சாதாரணமாக இருக்கும்போது எனக்கு மட்டும் குளிர்கிறது. பரிசோதனையில் டி.எஸ்.எச். 14 வந்தது. அளவு கூடியிருக்கும்போது, தைராய்டு குறைவு என்று டாக்டர் மாத்திரை எழுதியது எனக்குப் புரியவில்லை. ஆறு மாதம் கழித்து இப்போது 2.6. சரியாகிவிட்டதே, நிறுத்திவிடலாமா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: நிறுத்தாதீர்கள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

டி.எஸ்.எச். தைராய்டு சுரப்பது அல்ல. மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் இருக்கும் பிட்யூட்டரி, கழுத்திலிருக்கும் தைராய்டை வேலை வாங்குவதற்காகச் சுரப்பது. தைராய்டு ஒழுங்காகச் சுரந்தால் பிட்யூட்டரி அமைதியாகிவிடும். சுரக்காவிட்டால், கூப்பிட்டும் வராத பிள்ளையை அம்மா இன்னும் சத்தமாகக் கூப்பிடுவது போல டி.எஸ்.எச். ஏறிக்கொண்டே போகும். உங்கள் 14 அந்தச் சத்தம்தான். உடல் சூடு, இதயத் துடிப்பு, குடல், மாதவிலக்கு, மனநிலை என்று தைராய்டு ஹார்மோன் கை வைக்காத இடமே உடம்பில் அநேகமாக இல்லை, அதனால்தான் அசதிக்கு ஒரு டானிக், முடிக்கு ஒரு எண்ணெய் என்று பலர் மாதக்கணக்கில் அலைகிறார்கள்.

பெரும்பாலும் காரணம், நம் நோய் எதிர்ப்பு சக்தியே தைராய்டைத் தாக்குவது. ஜப்பானிய மருத்துவர் ஹாஷிமோட்டோ 1912-இல் விவரித்ததால் அவர் பெயரிலேயே வழங்குகிறது. அப்படிப் பழுதான சுரப்பி பொதுவாகப் பழைய நிலைக்குத் திரும்பாது. 1891-இல் இங்கிலாந்தில் மர்ரே என்ற டாக்டர், தைராய்டு குறைந்துபோன 46 வயதுப் பெண்ணுக்கு ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஊசியாகப் போட்டார். அந்த அம்மாள் அதற்குப் பிறகு 28 வருடம் வாழ்ந்தார். உங்கள் மாத்திரையும் அதே வேலையைத்தான் செய்கிறது, சுரப்பி தராததை வெளியிலிருந்து தருகிறது. 2.6 வந்தது மாத்திரையால். நிறுத்தினால் சில நாள் ஒன்றும் தெரியாது, ஏனென்றால் ரத்தத்திலுள்ள தைராக்ஸின் (மாத்திரை தரும் தைராய்டு ஹார்மோன்) பாதியாகவே ஒரு வாரம் ஆகும். அந்த நாட்களை நம்பித்தான் பலர் ஏமாறுகிறார்கள். பிரசவத்துக்குப் பிறகு வந்த தைராய்டுக் குறைவு சிலருக்குத் தானாகச் சரியாவதுண்டு. அதையும் டாக்டர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

இன்னொன்று. என்னிடம் வந்த ஒரு பெண்ணுக்கு இரண்டு முறை டோஸை ஏற்றியும் டி.எஸ்.எச். இறங்கவில்லை. "ஒரு நாள்கூட விட்டதில்லை டாக்டர்" என்றார், உண்மைதான். எப்படிச் சாப்பிடுகிறீர்கள் என்று விசாரித்தபோதுதான் தெரிந்தது, தைராய்டு மாத்திரையையும் இரும்புச்சத்து மாத்திரையையும் ஒரே உள்ளங்கையில் வைத்து, காபியோடு விழுங்கியிருக்கிறார்! இரும்பும் காபியும் தைராய்டு மாத்திரையை உடம்பில் சரியாகச் சேரவிடாது. வெறும் வயிற்றில் தண்ணீரோடு போடுங்கள், காபி அரை மணி முதல் ஒரு மணி நேரம் பொறுக்கட்டும், இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். டோஸ் மாற்றினால் ஆறு முதல் எட்டு வாரம் கழித்துப் பரிசோதித்தால்தான் சரியான அளவு தெரியும்.

கேள்வி: என் மருமகள் இரண்டு மாதம் முழுகாமல் இருக்கிறாள். தைராய்டு மாத்திரை குழந்தைக்கு ஆகாதென்று நிறுத்தச் சொல்லிவிட்டேன். சரிதானே?
- வாசகி, தேனி

பதில்: இல்லையம்மா. இன்றைக்கே திரும்ப ஆரம்பிக்கச் சொல்லுங்கள். முதல் மூன்று மாதம் கருவுக்குத் தானாகத் தைராய்டு ஹார்மோன் சுரக்க வராது. மூளை வளர்ச்சிக்கு வேண்டியது தாயின் ரத்தத்திலிருந்துதான் போக வேண்டும். பல பெண்களுக்குக் கர்ப்பத்தில் டோஸைக் கூட்டத்தான் நேரிடும். அப்புறம், இந்த வாரமே டி.எஸ்.எச். பார்த்து டாக்டரிடம் காட்டுங்கள், எத்தனை நாள் விட்டுப்போனது என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.