தடத்தை அழித்த கால்

அன்புள்ள ஐயா,

கீழக்கரைக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஒரு செம்மண் டென்னிஸ் கோர்ட் இருக்கிறது. சாயங்காலம் ஆறேழு பேர் ஆடுவோம். அம்பயர் கிடையாது. போன வாரம் பேச்சு அமெரிக்காவின் பழைய டென்னிஸ் வீரர் ஜான் மெக்கன்ரோ பக்கம் திரும்பியது. "அம்பயரைத் திட்டினவன், ராக்கெட்டை உடைத்தவன், இப்போது டிவியில் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் பாடம் சொல்கிறான்" என்றார் எங்களோடு ஆடும் மூத்த காக்கா (அண்ணன்) ஒருவர். மனதில் பட்டதை ஒளிக்காமல் பேசுகிறவர் அவர் என்றேன் நான். வாக்குவாதம் முற்றி அன்று ஆட்டமே நின்றுபோனது. வாய் முரடாக இருந்தால் விளையாட்டுப் பண்பே இல்லை என்று ஆகிவிடுமா? எங்களுக்குள்ளும் கோட்டுக்கு உள்ளா வெளியா என்று அடிக்கடி சண்டை வருகிறது. அதற்கும் ஒரு வழி சொல்லுங்கள்.

ஒரு வாசகர், கீழக்கரை

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் காக்கா கோபப்படுவதில் நியாயம் இருக்கிறது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். 1990 ஆஸ்திரேலிய ஓப்பனில் மைக்கேல் பெர்ன்ஃபோர்ஸுக்கு எதிரான நான்காம் சுற்றை எடுத்துக்கொள்ளுங்கள். மெக்கன்ரோ இரண்டு செட்டுக்கு ஒன்று என்று முன்னிலையில் இருந்தார். ஒரு பெண் கோட்டு நடுவரின் தீர்ப்பு பிடிக்காமல் அவர் எதிரே போய் நின்று, ராக்கெட்டில் பந்தைத் தட்டியபடி முறைத்தார். அதற்கு எச்சரிக்கை. பிறகு ராக்கெட்டைத் தரையில் அடித்து உடைத்தார். ஒரு பாயின்ட் போனது. அதன்பின் கெட்ட வார்த்தை. ஆட்டத்திலிருந்தே விலக்கிவிட்டார்கள். முன்பெல்லாம் எச்சரிக்கை, பாயின்ட், கேம், அப்புறம்தான் விலக்கல் என்று நான்கு படி இருந்தது. அந்த ஆண்டு அதை மூன்றாகக் குறைத்திருந்தார்கள். அது தெரியாமல் இன்னொரு படி பாக்கி இருக்கிறது என்று நினைத்துவிட்டேன் என்று அவரே பின்னால் ஒப்புக்கொண்டார். எனக்கு இதில் வலிப்பது அந்தக் கெட்ட வார்த்தை அல்ல, அந்த முறைப்புதான். நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் நடுவர் பதிலுக்குத் தண்டனை கொடுக்க முடியும். கோட்டோரம் நிற்கிறவர் வாய் திறக்கக்கூட முடியாது.

ஆனாலும் விளையாட்டுப் பண்பை அளக்க நாக்கை மட்டும் பார்த்தால் போதாது. பந்து விழுந்த இடத்தில் அவர் என்ன செய்தார் என்று பார்க்க வேண்டும். இதற்கு மூன்று ஆட்டங்கள் போதும்.

1977 அமெரிக்க ஓப்பன் அரையிறுதி, ஃபாரஸ்ட் ஹில்ஸ். அப்போது அங்கே பச்சை நிறக் களிமண் தளம். ஜிம்மி கானர்ஸ் அடித்த பந்து வெளியே விழுந்தது என்று இத்தாலியின் கொர்ராடோ பராஸுட்டி தன் பக்கத்து மண்ணில் பந்து பதிந்த தடத்தைக் காட்டி, நடுவரை வந்து பார்க்கச் சொன்னார். கானர்ஸ் வலையைச் சுற்றி எதிர்ப்பக்கம் ஓடினார். நடுவர் பார்ப்பதற்குள் அந்தத் தடத்தைக் காலால் தேய்த்து அழித்துவிட்டார். அந்த ஆட்டத்தில் அவரே வென்றார். இறுதியில் கியர்மோ விலாஸிடம் தோற்றார் என்பது வேறு கதை. நடுவரைத் திட்டினால் நடுவரின் மனம் புண்படும், அவ்வளவுதான். தடத்தை அழித்தால் எதிராளியிடம் இருந்த ஒரே சாட்சி போய்விடுகிறது. என் கணக்கில் மெக்கன்ரோ கத்திய கத்தலையெல்லாம் ஒன்றாகச் சேர்த்தாலும் இந்த ஒரு காலடிக்கு ஈடாகாது.

1982 பிரெஞ்சு ஓப்பன் அரையிறுதி. மாட்ஸ் விலாண்டருக்கு வயது 17. இன்னொரு பாயின்ட் எடுத்தால் வெற்றி என்ற மேட்ச் பாயின்ட்டில் ஹோசே லூயிஸ் க்ளெர்க் அடித்த பந்தை வெளியே என்று சொல்லி நடுவர் ஆட்டத்தை முடித்துவிட்டார். பையன் நடுவரிடம் போய், பந்து உள்ளேதான், இப்படி ஜெயிக்க எனக்கு விருப்பமில்லை என்றான். அந்தப் பாயின்ட்டை மறுபடி ஆடினார்கள், அதையும் அவனே வென்றான், கோப்பையும் அவனுக்கே. அதே விலாண்டர் ஓய்வுக்குப் பின் டிவி விமர்சகரானபோது நாக்கில் தேன் தடவிப் பேசவில்லை. 2006 பிரெஞ்சு ஓப்பன் இறுதியில் நடாலிடம் தோற்ற ஃபெடரருக்குத் தைரியம் போதவில்லை என்று பச்சையாகவே சொன்னார்.

மூன்றாவது ஆண்டி ராடிக். நடுவர்களோடு அவர் வாதாடாத பருவமே இல்லை. 2005 ரோமில் ஃபெர்னாண்டோ வெர்டாஸ்கோவுடன் ஆடும்போது அவர் கையில் மூன்று மேட்ச் பாயின்ட். வெர்டாஸ்கோவின் இரண்டாவது சர்வ் வெளியே என்று கோட்டு நடுவர் கூவியதும் ஆட்டம் முடிந்தது. தடத்தைப் பார்த்துவிட்டு, பந்து உள்ளேதான் என்று ராடிக்கே சொன்னார். பாயின்ட் எதிராளிக்குப் போனது, கடைசியில் ஆட்டமும் போனது. அந்த வாய்க்கு அந்தக் கை! இன்றும் பாட்காஸ்ட்டில் ஒளிவுமறைவில்லாமல்தான் பேசுகிறார். அவர் பேச்சை நம்பிக் கேட்க எனக்கு அந்த ரோம் ஆட்டம் போதும்.

ஓய்வுக்குப் பிறகான பேச்சைத் தனியாக எடைபோட வேண்டும். 2017இல் ஒரு வானொலிப் பேட்டியில், செரீனா வில்லியம்ஸ் ஆண்கள் சுற்றில் ஆடினால் 700ஆவது இடம் போல வருவார் என்றார் மெக்கன்ரோ. பெண்களில் அவர்தான் எல்லாக் காலத்துக்கும் சிறந்தவர் என்றும் அதே பேட்டியில் சொன்னார். மன்னிப்புக் கேட்க மறுத்துவிட்டார். அவசியமில்லாத பேச்சு என்பதே என் கருத்து. ஆனால் அதனால் எந்தக் கோர்ட்டிலும் யாருடைய பாயின்ட்டும் போகவில்லை. அதே ஆண்டு ஏப்ரலில் ருமேனியாவின் முன்னாள் வீரர் இலியே நஸ்டாசே செய்ததை இதோடு சேர்த்து வைக்கக் கூடாது. 70 வயதில் ருமேனியப் பெண்கள் அணியின் கேப்டனாகக் கான்ஸ்டன்ட்ஸா கோர்ட்டோரம் உட்கார்ந்துகொண்டு, பிரிட்டன் வீராங்கனை ஜோஹன்னா கான்டாவையும் அந்த அணி கேப்டனையும் வசைபாடினார். கான்டா அழுதார், ஆட்டம் நின்றது, நஸ்டாசேயை வெளியேற்றினார்கள். சர்வதேச டென்னிஸ் சம்மேளனம் தடையும் போட்டது. அதிகாரத்தில் இருந்துகொண்டு ஆடுகிறவளின் மனதை உடைத்தார். இதை வெளிப்படையான பேச்சு என்று சொல்லவே கூடாது.

இனி உங்கள் கோர்ட். 1981 விம்பிள்டனில் மெக்கன்ரோவின் புகழ்பெற்ற சத்தமே, கோட்டில் சுண்ணம் தெறித்தது, பிறகு எப்படிப் பந்து வெளியே என்பதுதான். இதை உங்கள் ஊரில் யாரும் ஆதாரமாக எடுக்கக் கூடாது. சுண்ணாம்புத்தூளால் போட்ட கோட்டைக் கச்சான் காற்று கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திவிடும். வெளியே சிதறிய தூளில் பந்து பட்டாலும் தூசி எழும்தான். பேஸ்லைன் (கோர்ட்டின் கடைசிக் கோடு) 10 சென்டிமீட்டர் வரை அகலமாக இருக்கலாம், மற்றக் கோடுகள் 5 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. தூளை விட்டுவிட்டு, ஆணி அடித்துப் பதிக்கும் நாடாக்கோடு போடுங்கள்.

நாடாக்கோட்டில் பந்து பட்டால் நாடாமேல் தடம் விழாது, மண்ணில் விழுந்த பகுதிதான் தெரியும். அதனால் தடம் முழு முட்டை வடிவில் இருந்து, அதற்கும் நாடாவுக்கும் இடையே மண் தெரிந்தால் பந்து வெளியே. முட்டையின் ஒரு பக்கம் நறுக்கினாற்போல நாடாவில் முடிந்தால் உள்ளே. காய்ந்த மண்ணில் இந்த ஓரம் நிற்காது, மணலில் நண்டு போன தடம்போலக் காற்றில் கரைந்துவிடும். ஆட்டத்துக்கு முன் தளம் முழுக்கத் தண்ணீர் தெளித்து, ஈரம் உள்ளே இறங்கியபின் இறங்குங்கள். ஒவ்வொரு செட் முடிந்ததும் பிரஷ் இழுங்கள். பழைய தடம் கிடந்தால் ஆளுக்கொன்றைக் காட்டிச் சண்டை போடுவார்கள்.

அம்பயர் இல்லாத ஆட்டத்துக்கு விதி தெளிவாக இருக்கிறது. வலைக்கு உங்கள் பக்கம் விழும் பந்துக்கு நீங்கள்தான் நடுவர். சந்தேகம் வந்தால் உள்ளே என்றுதான் கொள்ள வேண்டும். அவுட் என்றால் உடனே, எதிராளி காதில் விழும்படிச் சொல்ல வேண்டும். எதிராளிக்குச் சந்தேகம் வந்தால் தடத்தைக் காட்டச் சொல்லலாம், வலையைக் கடந்து வந்தும் பார்க்கலாம். அவுட் என்று தப்பாகச் சொன்னது பிறகு தெரிந்தால் பாயின்ட்டை மறுபடி ஆடுங்கள். ஆனால் எடுக்கவே முடியாத பந்து அது என்றாலோ, அதே ஆள் அந்த ஆட்டத்தில் இரண்டாம் முறை தப்பாகச் சொன்னாலோ, பாயின்ட் எதிராளிக்கு. சர்வ் போடுகிறவர் ஒவ்வொரு பாயின்ட்டுக்கு முன்னும் ஸ்கோரை உரக்கச் சொல்லட்டும், பாதிச் சண்டை அதிலேயே தீரும்.

தடத்தை அழித்தவர் அந்தப் பாயின்ட்டை விட்டுக்கொடுத்ததாகத்தான் கணக்கு. இதை உங்கள் காக்காவிடம் கானர்ஸ் கதையோடு சேர்த்துச் சொல்லுங்கள். மெக்கன்ரோவைப் பற்றி அவர் என்ன நினைத்தாலும், இதில் உங்களோடு ஒத்துப்போவார்.