எச்-இன்டெக்ஸ் 4 என்றால் கலங்காதீர்கள்

15 வருடம் அகழாய்வில் இருந்தும் கூகுள் ஸ்காலரில் (ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் தளம்) எச்-இன்டெக்ஸ், அதாவது உங்கள் படைப்புகளை மற்றவர்கள் எவ்வளவு மேற்கோள் காட்டுகிறார்கள் என்று சொல்லும் எண், 4தான் காட்டுகிறது, பதவி உயர்வு விண்ணப்பத்தில் இதை எப்படிப் போடுவது என்று கேட்டிருந்தீர்கள். முதலில் பெயரைப் பாருங்கள். ஒரு கட்டுரையில் இனிஷியல் முன்னால், இன்னொன்றில் பின்னால் என்று இருந்தால் ஸ்கோபஸ் என்ற ஆய்வுக் கட்டுரைத் தரவுத்தளம் உங்களை இரண்டு ஆளாகப் பிரித்து வைத்திருக்கக்கூடும். திருத்தச் சொல்லிக் கோரிக்கை வைக்கலாம், அப்புறம் ஆர்கிட் எண் ஒன்று (ஆய்வாளருக்கான அடையாள எண், 16 இலக்கம், இலவசம்) வாங்கி எல்லாவற்றையும் அதில் இணைத்துவிடுங்கள். ஸ்காலரில் ஒரே நூல் இரண்டு எழுத்துக்கூட்டலில் தனித்தனியாகக் கிடந்தால் இரண்டையும் டிக் செய்து மெர்ஜ் கொடுங்கள்.

ஆனால் உண்மையான சிக்கல் அந்த எண்ணிலேயே இருக்கிறது. 2005இல் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் முன்வைத்த கணக்கு இது. எச் 4 என்றால் குறைந்தது நான்கு மேற்கோளாவது பெற்ற படைப்புகள் நான்கு, அவ்வளவுதான். குழி குழியாகத் தோண்டி, பானையோட்டை எண்ணி, வரைந்து, பத்து வருடம் கழித்து வரும் அகழாய்வு அறிக்கை 90 தடவை மேற்கோள் காட்டப்பட்டாலும் இங்கே அது ஒன்றுதான். இது நியாயமே இல்லை. அதனால் விண்ணப்பத்தில் வெறும் எண்ணை விடாதீர்கள். அந்த அறிக்கையின் மண்ணடுக்கு வரிசையையோ காலக்கணிப்பையோ யார் எதற்குப் பயன்படுத்தினார்கள் என்று மூன்று நான்கு வரி எழுதுங்கள். கட்டுரை வந்த இதழின் மதிப்பெண்ணை வைத்து ஆளை எடைபோடக் கூடாது, ஆய்வின் தரத்தைப் பார்க்க வேண்டும் என்கிற டோரா பிரகடனத்தில் உங்கள் நிறுவனம் கையெழுத்திட்டிருக்கிறதா என்றும் பாருங்கள், இருந்தால் தயங்காமல் அதைக் குறிப்பிடுங்கள்.