பையில் வந்த அம்மன் படம்

கேள்வி: என் தம்பி மூன்று வருடத்துக்கு முன் மதம் மாறிக் கிறிஸ்தவ சபையில் சேர்ந்துவிட்டான். போன மாதம், அம்மா கும்பிட்ட மாரியம்மன் படத்தை ஷொப்பிங் பையில் போட்டு என் வாசலில் வைத்துவிட்டுப் போனான். மன்மதன் எரிந்த கதையை ஆடுகிற காமன் கூத்தில் ரதி வேஷம் கட்டியவன் அவன்! நல்லது கெட்டதுக்கு அவனைக் கூப்பிடக் கூடாது என்கிறார்கள் கோயில் கமிட்டி ஆட்கள். அவன் மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது தினமும் வந்து பார்த்தது சபைக்காரர்கள்தான். நான் என்ன செய்ய?
– ஒரு அக்கா, பொகவந்தலாவை

பதில்: மகள், முதலில் அந்தப் படத்தைத் துடைத்து, பொட்டு வைத்து, உங்கள் சாமித்தட்டில் ஏற்றுங்கள். தம்பி அதை உடைக்கவில்லை, தண்ணீர் ஓடும் கானில் வீசவில்லை. தான் கும்பிடாவிட்டாலும் கும்பிடுகிற கையில் கொண்டுவந்து சேர்த்திருக்கிறான்.

நம் சாமியைப் பேய் என்று யாராவது சொன்னால் எனக்கும் வயிறு எரியும். ஆனால் அவன் மனைவியைப் பார்க்க நம் கமிட்டியிலிருந்து ஒருவராவது போனார்களா? அதைக் கேட்காமல் சபையை மட்டும் திட்டுவது சரியில்லை. விரும்பிய மதத்தை மேற்கொள்ளும் உரிமையை இலங்கையின் 1978 அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை அவனுக்குக் கொடுத்திருக்கிறது. கமிட்டிக்கு அதையும் சொல்லுங்கள்.

இன்னொன்று. வேர் அறுந்தது சபைக்குப் போன நாளிலா? தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டப் போகுமுன் கத்தி காலில் படக் கூடாதென்று கும்பிட்ட கவ்வாத்துச் சாமியையும், ஆலைச் சக்கரத்துக்குக் காவலாக வைத்த ரோதை முனியையும் உங்கள் பிள்ளைகளுக்குத் தெரியுமா? இந்த மலையில், இந்தத் தேயிலைக்குள் நம் பாட்டன் பூட்டன் கண்டெடுத்த சாமிகள் அவை. கோபுரத்துக்குப் பெயின்ட் அடிக்கச் சந்தா சேர்த்தோம், மரத்தடிக் கல்லை மறந்தோம். சொல்லிக்கொடுக்காத ஒன்றைத் தம்பி எப்படிப் பிடித்துக்கொள்வான்?

என் அக்காவும் மதம் மாறினவள்தான். அப்பா செத்த அன்று, காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பிரட்டுக்களத்து ஓரத்தில், மழையில், மழைக்குப் போர்த்துகிற கொங்காணியைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றாள். கிட்ட வராதே என்று பெரியப்பா சத்தம் போட்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன், வாயைத் திறக்கவில்லை. அப்பா முகத்தைப் பார்க்காமலே திரும்பிப் போனாள். அவள் போய்ச் சேர்ந்து பதினான்கு வருடம். திருநீறு எடுக்கும்போதெல்லாம் அந்தக் கொங்காணி கண்ணுக்குள் வருகிறது. உங்களுக்கு அது வேண்டாம் மகள்.

மாசியில் காமன் கம்பம் ஊன்றும்போது தம்பிக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள். வேஷம் கட்டச் சொல்லாதீர்கள். மன்மதன் எரிந்த பிறகு ரதி வைக்கிற ஒப்பாரி அவனுக்கு மனப்பாடமாக இருக்குமே, அதை உங்கள் மகனுக்குச் சொல்லிக்கொடுக்க முடியுமா என்று கேளுங்கள். முடியாது என்றால் விட்டுவிடுங்கள், இரண்டாம் தடவை கேட்க வேண்டாம்.

அப்புறம், அம்மாவின் திதிக்கும் கூப்பிடுங்கள். படைத்த சோறு வேண்டாம் என்பான். படைக்கும் முன்பே அவனுக்கு ஒரு தட்டு தனியாக எடுத்து மூடி வையுங்கள்.