மைத்திரித் தியானம்: வன்னியிலிருந்து வந்த கேள்விகளுக்குப் பதில்

பரந்தன்: தனக்கும் மற்றவைக்கும் நலம் வேண்டிச் செய்யிற இந்தத் தியானத்தை எப்பிடித் தொடங்குறது?

விடிய, வெயில் ஏற முதல், பத்து நிமிசம். சப்பணம் கட்ட ஏலாட்டிக் கதிரையில இருங்கோ. ரெண்டு பாதமும் நிலத்தில முழுசாப் படோணும். நாலு வசனம் போதும்: "நான் சுகமாய் இருக்கோணும். எனக்கு ஆபத்து வரக்கூடாது. என்ர மனம் ஆறுதலாய் இருக்கோணும். இண்டைய நாள் லேசாய்ப் போகோணும்." ஒண்டைச் சொல்லி, ரெண்டு மூச்சு சும்மா இருந்து, பிறகு அடுத்தது. அவதிப்பட்டுச் சொன்னால் வாய்ப்பாடு மாதிரிப் போயிடும்.

முதல் ரெண்டு கிழமை உங்களுக்கும், நீங்கள் மதிக்கிற ஒருத்தருக்கும் மட்டும். படிப்பிச்ச ரீச்சர், ஆபத்தில கைகொடுத்த அயலவர் நல்லம். காதலிக்கிற ஆள் வேண்டாம், மனம் ஆசைப் பக்கம் இழுபடும். பிறகு விருப்பும் வெறுப்பும் இல்லாத ஒருத்தர்: ஏ9 பஸ்ஸில ரிக்கற் தாற கொண்டக்டர், சங்கக்கடையில நிறுக்கிற பெடியன். மனக்கசப்பு உள்ள ஆள் கடைசியாத்தான். 5ஆம் நூற்றாண்டில அனுராதபுரத்தில புத்தகோசர் எண்ட பிக்கு எழுதின விசுத்திமக்கம் எண்ட பாளிப் பௌத்த நூலில உள்ள ஒழுங்கு இது. எதிரியை முதல் கிழமையில தொடாதேங்கோ.

வவுனியா: எனக்கே நலம் வேண்டுறது சுயநலம் எல்லோ?

இல்லை. நான் சுகத்தை விரும்புற மாதிரித்தானே மற்றவரும் விரும்புவார் எண்டதுக்கு நீங்கள்தான் சாட்சி, அதுக்காகத்தான் உங்களில தொடங்குறது. தனக்கு மட்டும் நூறு வருசம் செய்தாலும் ஆழ்ந்த நிலை வராது எண்டும் அதே நூல் சொல்லுது.

கிளிநொச்சி: என்னை நினைச்சாலே வெறுப்பு. எல்லாரும் போயிட்டினம், நான் மட்டும் ஏன் இருக்கிறன் எண்டு வருது.

அப்ப உங்களில தொடங்காதேங்கோ. ஒழுங்கை மாத்தலாம். பக்கத்து வீட்டுக் குழந்தை, பட்டியில நிக்கிற கண்டு, எதை நினைச்சால் நெஞ்சு தானாய் இளகுதோ அதை எடுங்கோ. அதுக்கு ஒரு கிழமை செய்திட்டு, "நாங்கள் ரெண்டுபேரும் சுகமாய் இருக்கோணும்" எண்டு உங்களைப் பக்கத்தில சேருங்கோ. தனிய "நான்" எண்டு சொல்ல ஒரு மாதம் போனாலும் பரவாயில்லை.

கண்ணை மூடாதேங்கோ. ரெண்டு முழம் முன்னால நிலத்தைப் பாத்துக்கொண்டு செய்யுங்கோ. ஷெல் சத்தமோ மணமோ திரும்பி வந்தால் தாங்கிக்கொண்டு இருக்காமல் நிப்பாட்டுங்கோ. பாதத்தை நிலத்தில அழுத்தி, கண்ணுக்கு முன்னால உள்ள ஐஞ்சு சாமானின்ர பேரை வாய்விட்டுச் சொல்லி, தண்ணி குடியுங்கோ. அது நாளாந்தம் வந்தால், இல்லாட்டி உயிரை விடுற எண்ணம் வந்தால், தியானத்தை விட்டிட்டு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குப் போங்கோ, இல்லாட்டி மனநல உதவி இலக்கம் 1926க்குப் போன் எடுங்கோ. உதவி கேக்கிறதும் உங்களில காட்டுற மைத்திரிதான்.

மாங்குளம்: வெளிநாட்டில உள்ள மகனுக்குச் செய்ய, முடிவில கவலைதான் மிஞ்சுது.

அது பற்று. மைத்திரிக்குப் பக்கத்திலயே நிக்கிறதால பிரிச்சறியிறது கஷ்டம். வசனத்தைக் கவனியுங்கோ: "அவன் சுகமாய் இருக்கோணும்" எண்டு தொடங்கி, "சுகமாய் இருந்தால் ஏன் போன் எடுக்கேல்ல" எண்டு முடிஞ்சால் நிபந்தனை வந்திட்டுது. தாடையும் வயிறும் இறுகும். அந்த நேரம் மகனை விட்டிட்டு, அந்தக் கொண்டக்டருக்கு ரெண்டு நிமிசம் செய்திட்டுத் திரும்புங்கோ.

துணுக்காய்: காணியை ஏமாத்தி எழுதின பங்காளியோட தொடங்கலாமோ?

ஏலாது. பரந்தன்காரருக்குச் சொன்னதைப் பாருங்கோ.

ஒட்டுசுட்டான்: வயலை மிதிக்கிற யானைக்குமோ?

ஓம். வேலியும் போடுங்கோ.

முள்ளியவளை: தம்பி 2009இல காணாமல் போனவன். அவனுக்குச் செய்யலாமோ?

இறந்தவரை எடுத்துச் செய்யிறேல்ல எண்டது பழைய விதி. இறந்துபோன ஆசிரியரை நினைச்சுச் செய்த இளம் பிக்கு ஒருவருக்கு மனம் ஒன்றேல்ல, வேறொருவரை எடுத்த பிறகுதான் ஒன்றினது எண்ட கதையும் விசுத்திமக்கத்தில இருக்கு. உங்கட தம்பி அந்த விதிக்குள்ள அடங்கமாட்டார். "சுகமாய் இருக்கோணும்" எண்டு சொன்னவுடன "இருக்கிறானோ" எண்ட கேள்வி எழும்பும், மனம் ரெண்டாய்ப் பிளக்கும். அதால தொடக்கத்தில அவரை எடுக்காதேங்கோ. அவரைத் தேடிக் களைச்ச அம்மாவுக்கும் உங்களுக்கும் செய்யுங்கோ. நடுவில அவர் முகம் வந்தால் துரத்தவேண்டாம். "எங்க இருந்தாலும் உனக்கு நோவில்லாமல் இருக்கோணும்" எண்டு ஒரேயொரு தரம் சொல்லி, அம்மாவிட்டத் திரும்புங்கோ. இதைச் செய்யிறது அவரை இறந்தவராய் ஒத்துக்கொள்ளுறதில்லை. அப்பிடி ஆரும் சொன்னால் கேக்காதேங்கோ.

புதுக்குடியிருப்பு: நாங்கள் சிவனைக் கும்பிடுற குருந்தூர்மலையில பௌத்த விகாரை கட்டுறதைப் பாத்துக்கொண்டு, அந்தப் பௌத்தரின்ர தியானத்தை எங்களுக்குப் படிப்பிக்கிறியளோ?

மல்லாவி (இதுக்கு மறுமொழி): தியானத்துக்கு என்ன அரசியல்? அதை விடுங்கோ.

மல்லாவிக்காரர், அப்பிடித் தள்ளிவிடேலாது. காணியும் கோயிலும் பறிபோற பயம் மெய்யான பயம். புதுக்குடியிருப்புக்காரருக்கு நான் சொல்லுறது: இது ஒரு இனத்தின்ர சொத்தில்லை. பதஞ்சலியின்ர யோகசூத்திரத்தில, முதற் பாதம் 33ஆம் சூத்திரத்தில, மைத்திரி, கருணை, முதிதை (மற்றவரின்ர சந்தோசத்தில சந்தோசப்படுறது), உபேட்சை (நடுநிலை) எண்டு பௌத்தம் சொல்லுற இதே நாலும் இருக்கு. மணிமேகலை தமிழில எழுதின பௌத்தக் காப்பியம். பாளியில பௌத்த நூல்கள் எழுதின புத்ததத்தர் எண்ட பிக்கு சோழநாட்டவர். விரும்பினால் சிவன் சந்நிதியில இருந்து செய்யுங்கோ.

புதுக்குடியிருப்பு (திரும்பவும்): அப்ப எங்களுக்கு அநியாயம் செய்தவனை மன்னிக்கோணுமோ?

இல்லை. மைத்திரி மன்னிப்பில்லை, வழக்கை வாபஸ் எடுக்கிறதுமில்லை. 2017 பெப்ரவரி 20இல கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில போராட்டத்தைத் தொடங்கின, காணாமலாக்கப்பட்டவையின்ர தாய்மாரைப் பதில் கேக்கிறதை விடச்சொல்லி எந்தத் தியானமும் சொல்லாது. கடைசிக் கட்டத்தில, செய்தவனுக்கு வேண்டுறது "இவன்ர மனத்தில வெறுப்பு இல்லாமல் போகோணும்" எண்டு மட்டும்தான். வெறுப்பில்லாதவன் அதைச் செய்திருக்கமாட்டான். அவன் வெல்லோணும், தப்போணும் எண்டு ஆரும் வேண்டச் சொல்லேல்ல. கோவம் பொங்கினால் உடன முந்தின ஆளிட்டத் திரும்புங்கோ. அதுக்கும் அடங்காட்டி, "எதில கோவம்? மயிரிலயோ, நகத்திலயோ, எலும்பிலயோ?" எண்டு ஆளைப் பிரிச்சுப் பாக்கச் சொல்லுறார் புத்தகோசர். கோவம் பிடிக்க இடம் தேடித் தளரும். ஒரு சிலரை வாழ்நாளில எடுக்கவே ஏலாமல் போகலாம். அது குற்றமில்லை.

நெடுங்கேணி: மேலதிகாரியில கடுங்கோவம். அவரோட...

மூண்டாந்தரம் சொல்லுறன்: எதிரியோட தொடங்காதேங்கோ. பத்து நிமிசமும் அவரோட மனசுக்குள்ள சண்டைபிடிச்சிட்டு எழும்புவியள்.

பூநகரி: ஒண்டும் உணர்ச்சி வருகுதில்லை, நித்திரைதான் வருது.

உணர்ச்சியைத் தேடாதேங்கோ, வேண்டுற எண்ணம் இருந்தால் காணும். நித்திரை வாறதெண்டால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு இருக்கிறியள்போல. நேரத்தை மாத்துங்கோ, இல்லாட்டி நடந்துகொண்டு செய்யுங்கோ: முற்றத்தில இருபது அடி போய்த் திரும்பி, ஒரு நடைக்கு ஒரு வசனம்.