பிரேக் இன்ஸ்பெக்டர் திருப்பி அனுப்பிய ஸ்கூட்டி: எதற்கு முதலில் செலவு செய்வது?

கேள்வி: எங்கள் ஸ்கூட்டி பெப் ப்ளஸ் 2010-ல் வாங்கியது. 15 ஆண்டு முடிந்ததால் ஆர்.சி.யை (பதிவுச் சான்றிதழை) புதுப்பிக்க ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குக் கொண்டுபோனோம். பின் பிரேக் பிடிக்கவில்லை, பிரேக் லைட் எரியவில்லை, ஹேண்டில் ஆடுகிறது, பின் டயர் தேய்ந்திருக்கிறது, சேசிஸ் நம்பர் தெளிவாக இல்லை என்று ஐந்து குறை சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மெக்கானிக்கோ, "இன்ஜின் வேலை பார்த்துவிடலாம், 9,500 ரூபாய் ஆகும்" என்கிறார். மகள் இதில்தான் கல்லூரிக்குப் போக வேண்டும். செலவு செய்யலாமா, எடைக்குப் போட்டுவிடலாமா?

பதில்: அந்த ஐந்து குறைகளை இன்னொரு தடவை வாசித்துப் பாருங்கள். அவற்றில் இன்ஜின் எங்குமே இல்லை. மோட்டார் வாகன ஆய்வாளரை நம் ஊரில் இன்றும் 'பிரேக் இன்ஸ்பெக்டர்' என்றுதான் சொல்கிறோம். பொருத்தமான பெயர். வண்டி நிற்கிறதா, நேராகப் போகிறதா, பின்னால் வருகிறவருக்குத் தெரிகிறதா, ஆர்.சி.யில் உள்ள வண்டி இதுதானா என்பதைத்தான் அவர் முக்கியமாகப் பார்ப்பார். இந்த நான்கிலும் இடறுகிற வண்டிக்கு இன்ஜின் வேலை செய்தால் அது இன்னும் கொஞ்சம் வேகமாகப் போகும், அவ்வளவுதான். இருபது ஆண்டுக்கு மேலாக ஒர்க்‌ஷாப் நடத்துகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: நீல நிறப் புகை வரவில்லை, காலையில் சிரமமில்லாமல் ஸ்டார்ட் ஆகிறது என்றால் இப்போதைக்கு இன்ஜினைப் பிரிக்கவே விடாதீர்கள்.

அடிச்சட்டத்தின் துருவைத்தான் எல்லாவற்றுக்கும் முன்னால் பார்க்க வேண்டும், அதைக் கடைசியில் சொல்கிறேன். அது தேறினால் முதல் வேலை பின் பிரேக். உங்கள் வண்டியில் முன்னாலும் பின்னாலும் டிரம் பிரேக்தான். லிவரை அழுத்தினால் அது ஹேண்டில் வரைக்கும் வந்துவிடுகிறதா? அப்படியானால் சக்கரத்துக்குப் பக்கத்தில் கேபிள் முடிகிற இடத்தில் உள்ள நட்டை முறுக்கி, 'டைட் வைத்தாயிற்று' என்று அனுப்பிவிடுவார்கள். அங்கேதான் கவனிக்க வேண்டும். பிரேக் பிடிக்கும்போது கேபிள் இழுக்கிற அந்தச் சின்ன இரும்புக் கை, கேபிளுக்கு ஏறக்குறைய செங்குத்தாக இருந்தால்தான் விசை முழுதாக உள்ளே போகும். டிரம்முக்குள் உரசிச் சக்கரத்தை நிறுத்தும் ஷூ தேயத் தேய அந்தக் கை மேலும் மேலும் சாய்ந்துகொண்டே போகும். ஓர் அளவுக்கு மேல் எவ்வளவு முறுக்கினாலும் லிவர் கெட்டியாகுமே தவிர வண்டி நிற்காது. அப்போது ஷூ மாற்றுவது ஒன்றுதான் வழி.

ஷூ மாற்றச் சக்கரத்தைக் கழற்றும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். ஸ்கூட்டரின் பின் சக்கரம் கியர் பெட்டியிலிருந்து வரும் அச்சில் நேராக உட்காருகிறது. அங்குள்ள ஆயில் சீல் பழசாகிவிட்டால் கியர் ஆயில் மெல்லக் கசிந்து டிரம்முக்குள் இறங்கும். ஒருவர் ஆறு மாதத்தில் மூன்று ஜோடி ஷூ மாற்றிவிட்டு என்னிடம் வந்தார். ஒவ்வொரு தடவையும் இரண்டு வாரம் நன்றாகப் பிடித்ததாம், அப்புறம் பழைய கதை. டிரம்மைத் திறந்ததும் உள்ளே பளபளவென்று எண்ணெய். அதுவரைக்கும் யாரும் சீலைத் தொடவே இல்லை. எண்ணெய் குடித்த ஷூவைப் பெட்ரோலில் கழுவி மாட்டுவதும் வேண்டாம், சூடு ஏறும்போது எண்ணெய் மறுபடி மேலே வரும். சீல், ஷூ இரண்டையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள். டிரம்முக்குள் பள்ளம் விழுந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். ஷூவை விரிக்கும் கேம் துருப்பிடித்து இறுகியிருந்தால் கழற்றிச் சுத்தம் செய்து துளி கிரீஸ் வைக்க வேண்டும். கேபிள் அவுட்டருக்குள் (வெளி உறைக்குள்) துரு இருந்தால் கேபிளும் புதுசு. வேலை முடிந்தபின் லிவரின் நுனி ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர் சும்மா ஆடி, அதற்குப் பிறகு பிடிக்கத் தொடங்க வேண்டும். இன்னொன்று: டிரம்மில் உள்ள தூசியை வாயால் ஊத விடாதீர்கள். பழைய ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். அந்தப் பையன்களின் நுரையீரலும் முக்கியம்.

பிரேக் லைட்டில் பலர் ஏமாறுகிறார்கள். பின்னால் சிவப்பு விளக்கு எரிகிறதே என்று விட்டுவிடுவார்கள். ஆனால் அந்த ஒரே பல்புக்குள் இரண்டு இழைகள். 5 வாட் இழை இரவில் எரிவது, 21 வாட் இழை பிரேக் பிடிக்கும்போது எரிவது. பெரிய இழை அறுந்தும் சின்னது எரிந்துகொண்டிருக்கும். பல்பு மாற்றியும் எரியவில்லையென்றால் லிவர் அடியில் இருக்கும் ஸ்விட்சைப் பாருங்கள். இடது லிவருக்கு ஒன்று, வலது லிவருக்கு ஒன்று என இரண்டு உண்டு. வீட்டில் ஒன்றை மட்டும் அழுத்திப் பார்த்துவிட்டு வந்து, ஆய்வில் இன்னொன்றில் மாட்டிக்கொண்டவர்கள் நிறையப் பேர். ஹாரன், இண்டிகேட்டர், இரண்டு கண்ணாடி, நம்பர் பிளேட் ஆகியவற்றையும் அதே சமயம் சரிபார்த்துவிடுங்கள். இதெல்லாம் அரை மணி நேர வேலை.

ஹேண்டில் ஆட்டத்தை நீங்களே சோதிக்கலாம். வண்டியை சென்டர் ஸ்டாண்டில் போட்டு, ஒருவர் பின்பக்கத்தை அமுக்கினால் முன் சக்கரம் தூக்கிக்கொள்ளும். ஃபோர்க்கின் அடிப்பகுதியைப் பிடித்து முன்னும் பின்னும் அசையுங்கள். 'டொக்' என்று தட்டினால் கோன் செட், அதாவது ஹேண்டில் திரும்புகிற இடத்தில் உள்ள குண்டு பேரிங், தளர்ந்திருக்கிறது. அப்புறம் ஹேண்டிலை ஒரே விரலால் மெல்லத் திருப்புங்கள். நேராக வரும் இடத்தில் ஒரு பள்ளத்தில் விழுந்தாற்போல் நின்றால், குண்டுகள் உட்காரும் கிண்ணத்தில் குழி விழுந்துவிட்டது என்று அர்த்தம். இதை இறுக்கிச் சரிசெய்ய முடியாது. இறுக்கினால் ஆட்டம் போகும், ஆய்வில்கூடத் தப்பலாம். ஆனால் ஹேண்டில் நடுவில் ஒட்டிக்கொண்டு வண்டி பாம்பு மாதிரி நெளியும். உங்கள் மகள் ஓட்டப்போகிற வண்டி, செட்டையே மாற்றிவிடுங்கள். கையோடு பின் சக்கரத்தையும் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். சக்கரம் மட்டும் ஆடினால் பேரிங், இன்ஜினே சேர்ந்து ஆடினால் இன்ஜினை வண்டியோடு இணைக்கும் ஹேங்கர் புஷ். இந்த ரப்பர் புஷ் இந்த வயதில் பெரும்பாலும் போயிருக்கும்.

டயருக்கு விதி தெளிவாக இருக்கிறது: இருசக்கர வண்டிக்குப் பள்ளத்தின் ஆழம் 0.8 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. என்னைக் கேட்டால் அந்த எல்லை வரை காத்திருக்கவே வேண்டாம். இந்தச் சின்னப் பத்து அங்குலச் சக்கரம் மழையில் வழுக்கினால் சமாளிக்க நேரமே இருக்காது. முன் டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2317 என்றால் 2017-ன் 23-வது வாரத்தில் செய்தது. பட்டன் (டயரின் மேல்பக்கக் கட்டைகள்) நன்றாக இருந்தும் ரப்பர் வெடித்துக் கெட்டியாகியிருந்தால் அதையும் மாற்றுங்கள்.

புகைச் சான்றிதழையும் மறக்க வேண்டாம். 2000-க்குப் பிறகு வந்த, உங்கள் வண்டியின் காலத்து நான்கு ஸ்ட்ரோக் இருசக்கர வண்டிகளுக்குக் கார்பன் மோனாக்சைடு 3.5 சதவீதம், ஹைட்ரோகார்பன் 4,500 பி.பி.எம். என்பது வரம்பு. அடைத்த ஏர் ஃபில்டர், பாதியில் மாட்டிக்கொண்ட சோக் இரண்டையும் சரிசெய்து, இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு காட்டினால் பெரும்பாலும் தாண்டிவிடும்.

சேசிஸ் நம்பர் கொஞ்சம் நுணுக்கமான விஷயம். துருவின் மேல் மண்ணெண்ணெய் தடவி ஊறவிட்டு, துணியாலும் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷாலும் மட்டும் துடையுங்கள். பிறகு தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் எழுத்து எழும்புகிறதா பாருங்கள். கம்பி பிரஷ், கிரைண்டர், உப்புத்தாள் எதுவும் கூடாது. எழுத்தின் ஓரம் மழுங்கினாலே 'திருத்தியது' என்ற சந்தேகம் வரும். 'பஞ்ச் பண்ணித் தருகிறேன்' என்று யாராவது சொன்னால் கண்டிப்பாக மறுத்துவிடுங்கள். எழுத்து அடியோடு அரித்துப்போயிருந்தால் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து, அவர்கள் சொல்கிறபடிதான் செய்ய வேண்டும்.

அந்தத் துரு எவ்வளவு ஆழம் என்பதில்தான் 'எடைக்குப் போடலாமா' என்ற கேள்விக்கும் பதில் இருக்கிறது. வேறு எதற்கும் செலவு செய்யும் முன் கால் வைக்கும் பலகையைக் கழற்றச் சொல்லி, அடியில் உள்ள இரும்புச் சட்டத்தை (சேசிஸை) ஸ்க்ரூ டிரைவரால் அழுத்திக் குத்திப் பாருங்கள். மேல்துரு மட்டும் உதிர்ந்தால் சுரண்டி பிரைமர் அடித்துவிடலாம், வண்டி இன்னும் பல ஆண்டு ஓடும். ஓட்டை விழுந்தாலோ, இணைப்புப் பக்கம் தகடு நெகிழ்ந்தாலோ அங்கேயே நிறுத்திவிடுங்கள். ஒட்டு வெல்டிங் வைத்து ஒரு பிள்ளையை அதில் ஏற்றக் கூடாது. அப்படியானால் பதிவு பெற்ற ஸ்கிராப் நிலையத்தில் கொடுத்து, ஆர்.சி.யை முறைப்படி ரத்து செய்யுங்கள். காயலான் கடையில் சும்மா தள்ளிவிட்டால் வண்டி காகிதத்தில் உங்கள் வீட்டுப் பெயரிலேயே இருக்கும்.

வண்டியின் இரும்புச் சட்டம் நன்றாக இருந்தால் தாராளமாகச் செலவு செய்யுங்கள். படிவம் 25-ல் விண்ணப்பம், 2022 ஏப்ரல் முதல் இருசக்கர வண்டிக்கு மத்திய கட்டணம் 1,000 ரூபாய், மாநிலத்தின் பசுமை வரி தனி. தேறினால் ஐந்து ஆண்டுக்குப் புதுப்பித்துத் தருவார்கள். அடுத்த தடவை, காலாவதிக்கு 60 நாள் முன்பே விண்ணப்பிக்கலாம். இப்போது ஆர்.சி. காலாவதியான நிலையில் மகளை ஓட்ட விடாதீர்கள். அபராதத்தை விடுங்கள், ஒரு விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி தகராறு செய்ய அதுவே போதும். ஆய்வுக்குக்கூட ஒரு 'குட்டி யானை' லோடு வண்டியில் ஏற்றிக் கொண்டுபோவது நல்லது.

ஷூ மாற்றிய கையோடு ஆய்வுக்குப் போக வேண்டாம். புது ஷூ டிரம்மோடு முழுதாக உரசிப் பொருந்தக் கொஞ்சம் நேரம் எடுக்கும். சாலையில் ஓட்ட முடியாததால், பட்டறைக்குப் பக்கத்தில் காலி மைதானம் எதிலாவது மெக்கானிக்கையே மெதுவாக ஓட்டி, முப்பது நாற்பது தடவை பிரேக் பிடித்துவிட்டு, கேபிளை மறுபடி ஒரு தடவை அட்ஜஸ்ட் செய்யச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு ஆய்வுக்கு நாள் வாங்குங்கள்.